தூணில்லா மண்டபம்

எங்கள் குடும்பத்தில் யாருக்கு என்ன தொழிலோ அது எல்லோருக்கும் பொது. நான் நாமக்கல்லில் லாரி உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். அதனால் சொந்தத்தில் யாருடைய மோட்டார் சைக்கிள் வழியில் நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பெரியப்பா மகன் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். எங்களில் யாரும் முட்டைக்குக் கடைக்குப் போனதில்லை. என் மனைவி கட்டடப் பொறியாளர். அவளிடமிருந்து பொதுவில் எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது என்று கல்யாணமான புதிதில் குடும்பத்துக்குக் குழப்பமாக இருந்தது. சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்கள். அவளுடைய கையெழுத்து.

பள்ளிக்கூடமோ கல்யாண மண்டபமோ, நாலு பேர் கூடுகிற கட்டடம் எதுவானாலும் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது, இது உறுதியாக இருக்கிறது என்று பதிவு பெற்ற பொறியாளர் ஒருவர் சான்று தர வேண்டும். எங்கள் பக்கம் அதை ஸ்டெபிலிட்டி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். மருந்துக்கடையில் தலைவலி மாத்திரை கேட்பதுபோல "ஸ்டெபிலிட்டி ஒண்ணு வேணுமுங்க" என்று வாசலில் நின்று கேட்பார்கள். உள்ளே வந்து உட்கார்ந்தபிறகுதான் இவள் வரைபடம் கேட்பாள், சுவரைத் தட்டிப் பார்ப்பேன் என்பாள், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிவரை ஏற வேண்டும் என்பாள். பாதிப் பேர் காபியைக் குடித்துவிட்டு, இதோ வாரேன் என்று போய்விடுவார்கள். அவர்கள் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

அவள் சூரமங்கலத்தில் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவள். அப்பா சிக்னல் பிரிவில் வேலை பார்த்தவர். சிவப்பு எரிந்தால் வண்டி நிற்க வேண்டும் என்பது அவர்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு உப்பு வேண்டும் என்பதுபோல ஒரு சாதாரண விஷயம். எங்கள் வீட்டில் சிவப்பு எரிந்தால், நிற்பது யார் வண்டி என்று முதலில் விசாரிப்போம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவன் நான்.

இதில் என் மச்சான் எப்படி வந்தார் என்று சொல்கிறேன். மச்சான் என்றால் என் அக்காவின் கணவர். திருச்செங்கோட்டுக்காரர். பல வருடம் ரிக் வண்டி வைத்து, அதுதான் ஆழ்துளைக் கிணறு தோண்டும் லாரி, வடக்கே பாறை பாறையாகத் துளைத்துத் தண்ணீர் எடுத்தவர். வயதானதும் வண்டிகளை விற்றுவிட்டு நாமக்கல்லுக்கே வந்து, சேந்தமங்கலம் சாலையில் ஒரு கல்யாண மண்டபம் கட்டினார். கீழே கல்யாணக் கூடம், மேலே பந்தி. நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு குறை, கூடத்தின் நடுவில் இரண்டு தூண்கள். அந்தத் தூண்களுக்குப் பின்னால் இடம் கிடைத்தவர்களுக்குத் தாலி கட்டுவது தெரியாது. கெட்டிமேளம் கேட்டதும் உத்தேசமாக அட்சதையைப் போடுவார்கள், அது முன்வரிசைக்காரரின் வழுக்கையில் விழும். வீடியோ எடுக்கிறவர்களும் முணுமுணுப்பார்கள். ஆனாலும் மச்சான் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அதே சாலையில் இன்னொரு மண்டபம் வருகிறவரை.

அந்தப் புது மண்டபத்துக்காரர் வாசலில் பெரிய போர்டு வைத்தார்: தூண் இல்லாத மண்டபம். ஏசி, கார் நிறுத்துமிடம் எல்லாம் அதற்குக் கீழே சின்ன எழுத்தில்தான். மச்சானுக்கு அந்தப் போர்டு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, மண்டபம் சும்மாதான் கிடக்கும். அந்த மாதத்தில் மேஸ்திரி ஒருவரைக் கூட்டி வந்து இரண்டு தூண்களையும் அறுத்து எடுத்துவிட்டார். தை பிறந்தபோது அவர் வாசலிலும் ஒரு போர்டு இருந்தது. தூண் இல்லாத மண்டபம் என்று, எதிராளியைவிட ஒரு அடி உயரமாக. மாசியிலும் பங்குனியிலும் ஒன்றிரண்டு காதுகுத்தும் நடந்தன.

வைகாசியில் அக்காவின் ஒரே மகளுக்கு அதே மண்டபத்தில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அதற்குள் மண்டபத்தின் உரிமமும் முடிகிறது. மச்சான் ஃபைலைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து, என் மனைவியிடம் பேனாவையும் சேர்த்து நீட்டினார்.

"ஒரு ஸ்டெபிலிட்டி, அம்மிணி" என்றார்.

"நாளைக்கு வந்து பாக்கறேங்க அண்ணா" என்றாள்.

"நீ பாக்காத மண்டவமா? உன்ற வளைகாப்பே அங்கதான நடந்துச்சு."

மறுநாள் நானும் கூடப் போனேன். உள்ளே நுழைந்தவள் செருப்பைக் கழற்றியபடியே நின்றுவிட்டாள்.

"அண்ணா, தூணெல்லாம் எங்கங்க?"

"எடுத்தாச்சு அம்மிணி. இப்ப எந்த மூலைல உக்காந்தாலும் பொண்ணு மாப்ள பளிச்சுன்னு தெரியும்."

"மேல பந்தி இருக்கே. அதை இப்ப எது தாங்குது?"

மச்சான் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல ஓர் இரும்பு ஏணியைக் கொண்டுவந்து சாத்தி, பொய்க்கூரையில் ஒரு பலகையை நகர்த்திவிட்டார். இவள் ஏறினாள். தலையும் தோளும் கூரைக்குள் மறைந்தன. மச்சான் ஏணியைப் பிடித்துக்கொண்டு, அவள் கால்களைப் பார்த்து விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே இருந்தது அவருடைய பழைய ரிக் வண்டியின் மாஸ்ட். லாரியின் முதுகில் படுத்தபடி ஊர் ஊராகப் போய், தோண்டும் இடத்தில் நிமிர்ந்து நிற்குமே ஓர் இரும்புக் கோபுரம், அதுதான் மாஸ்ட். வண்டியை விற்றபோது இதை மட்டும் மனசு வராமல் வைத்திருந்திருக்கிறார். தூணை எடுத்த இடத்தில் அதைக் குறுக்கே படுக்கவைத்து, சுவருக்குச் சுவர் முட்டுக் கொடுத்துவிட்டார்.

"ஆயிரம் அடி தொளைக்கற இரும்பு ராடைத் தூக்கிப் புடிச்ச மாஸ்ட்டு, அம்மிணி. ராஜஸ்தான்ல பாறை மேல நின்னது. நாலு சாம்பார் வாளியத் தாங்காதா?"

இவள் கீழே இறங்கி, தலையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டினாள்.

"அது நின்னுக்கிட்டுத் தாங்குனதுங்க அண்ணா. தலையில மூட்டை சொமக்கற ஆளை ரெண்டு நாற்காலிக்குக் குறுக்கே படுக்க வெச்சு, வயித்து மேல அதே மூட்டையை வெச்சா என்ன ஆகும்?"

மச்சான் உண்மையாகவே யோசித்தார். "அது ஆளப் பொறுத்தது அம்மிணி" என்றார்.

அதற்குப் பிறகு அவள் மேலே பந்தி நடக்கும் கூடத்துக்குப் போனாள். எத்தனை இலை போடுவார்கள் என்று கேட்டாள். மச்சான் பெருமையாகச் சொன்னார். அப்போது அவள் கேட்ட இன்னொரு கேள்விதான் எங்கள் யாருக்கும் தோன்றாதது. "இலைக்குப் பின்னாடி எத்தனை பேர் நிப்பாங்க?"

எங்கள் பக்கத்துக் கல்யாணத்துக்கு வந்தவர்களுக்கு இது புரியும். ஒருவர் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு அடுத்த பந்திக்காரர் நிற்பார். ரசம் வரும்போது நிற்க ஆரம்பித்தால் மோர் வரும்போது குனிந்து பார்ப்பார். குழந்தை வைத்திருப்பவர்கள் குழந்தையோடு நிற்பார்கள். ஆகவே எங்கள் பந்தியில் ஒரு இலைக்கு இரண்டு ஆள் எடை. வரிசைக்கு நடுவே வாளியோடு ஓடுகிறவர்கள் தனி. என் மனைவி அந்தப் பழக்கத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டாள். சாப்பிடுகிறவனை எடை போடுகிற பெண்ணை என்ன செய்வது என்று மச்சானுக்குத் தெரியவில்லை, என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த மின்விசிறி சுவிட்சைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து அவள் எதையெதையோ போட்டுப் பார்த்தாள். அந்த இரும்பு என்ன ரகம், பற்றவைப்பு உள்ளே எப்படி இருக்கிறது, வடக்கே அது எத்தனை முறை அடிபட்டது, எதுவும் தெரியாது. இரண்டு முனையும் செங்கல் சுவர்மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது. மாலையில் மச்சானுக்கு ஃபோன் செய்து, கையெழுத்துப் போட முடியாது என்றாள். தூண்களைத் திரும்பக் கட்டுகிறவரை மேலே பந்தி போடக்கூடாது, கீழே ஆட்களை உட்காரவைக்கவும் கூடாது என்றாள். கட்டிய பிறகும் நான் போட மாட்டேன், சொந்தக்காரர் கட்டடத்துக்கு வெளியாள் பார்த்துப் போடுவதுதான் முறை, நல்ல ஆளாக நானே சொல்கிறேன் என்றும் சேர்த்துச் சொன்னாள்.

முதலில் சொன்னதைவிட இந்தக் கடைசி வாக்கியம்தான் குடும்பத்தில் தீயைப் பற்றவைத்தது. அடுத்த நாள் காலையிலேயே அக்கா வந்துவிட்டாள்.

"சொந்தக்காரங்களுக்குப் போடக் கூடாதுன்னா வேற யாருக்குத்தான் போடறது தம்பி? வழியில போறவனுக்கா?" என்று என்னைக் கேட்டாள். எனக்கும் அந்த நேரத்தில் அது நியாயமான கேள்வியாகத்தான் தோன்றியது.

அக்கா சும்மா வாயாடவில்லை. ஒரே மகள். பத்திரிகை அடித்தாயிற்று. சொந்தமாக மண்டபம் வைத்துக்கொண்டு மகள் கல்யாணத்தை இன்னொருவன் மண்டபத்தில், அதுவும் அந்த எதிராளி மண்டபத்தில் நடத்தினால் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று அவளுக்கு உள்ளூரப் பயம். கண் கலங்கியிருந்தது. என் மனைவி அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கையெழுத்து என்றால் என்ன என்று பொறுமையாகச் சொன்னாள். நான் பார்த்தேன், கணக்குப் போட்டேன், இதற்கு நான் பொறுப்பு என்று அரசாங்கத்துக்கு எழுதித் தருவது அது. பொய்யாக எழுதினால் பதிவு ரத்தாகும், ஏதாவது ஆனால் வழக்கு வரும், ஜெயில்வரை போகும்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அதுக்கா பயப்படறே? உங்க அண்ணனுக்கு நல்ல வக்கீலு பழக்கம்" என்றாள்.

"அண்ணி, நான் வழக்குக்குப் பயந்து சொல்லல."

"பொறகென்ன? கூரியர்காரனுக்குத் தெனமும் போடறே. எங்களுக்கு ஒண்ணு போட்டா கையி தேஞ்சா போயிரும்?"

இந்தக் கூரியர் வாதம் எங்கள் சொந்தத்தில் மிகவும் பிரபலமாகிவிட்டது. அந்த மாதம் முழுக்க, பார்க்கிற ஆளெல்லாம் கூரியர்காரனைச் சொல்லி என்னைக் கேட்டார்கள். வாய்க்கு வாய் மாறி, கடைசியில் அவன் ஏதோ என் மனைவிக்குத் தூரத்துச் சொந்தம் என்கிற அளவுக்கு வந்து நின்றது.

இதற்குள் மச்சான் வேறு வழி பார்த்துவிட்டார். சேலத்துக்கு அந்தப் பக்கம், அயோத்தியாப்பட்டணமும் தாண்டி, ஒரு பொறியாளர் இருப்பதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். மண்டபத்தின் முகப்பை ஃபோட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். சாயங்காலம் சான்று வந்துவிட்டது, முத்திரையோடு. கட்டடம் மிக உறுதியாக இருப்பதாகவும், தூண்கள் நல்ல நிலையில் இருப்பதாகவும் அதில் எழுதியிருந்தது. மச்சான் அதைக் குடும்பக் குழுவில் போட்டார். பதினைந்து பேர் கைகூப்பினார்கள். தூண் இல்லாத மண்டபத்தில் தூண்கள் நல்ல நிலையில் இருப்பதை ஒருவரும் கவனிக்கவில்லை.

எனக்கு நிம்மதியாக இருந்தது. நீ போடவில்லை, வேறொருவன் போட்டுவிட்டான், இனி அவன் பாடு என்று மனைவியிடம் சொன்னேன். அவள் தட்டில் இருந்த இட்லியைத் தொடவே இல்லை.

"போடாம இருக்கறதோட என் வேலை முடிஞ்சிருமாங்க? எனக்குத் தெரிஞ்சிருக்கே" என்றாள். "ஆபத்துன்னு தெரிஞ்சா, தடுக்கக்கூடியவங்ககிட்டச் சொல்லணும். அதுவும் சேத்துத்தான் இந்தத் தொழில்."

"யார்கிட்ட?"

"முதல்ல அண்ணாகிட்ட. எழுத்துல. அவர் கேக்கலைன்னா தாலுகா ஆபீஸ்ல."

ஃபோனில் சொன்னது போதாதா என்று கேட்டேன். போதாது என்றாள். எழுதினாலும் கையில் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம், இரண்டு தெரு தள்ளித்தானே அக்கா வீடு என்றேன். அதற்கும் ஒப்பவில்லை. ஆகவே, இரண்டு தெரு தள்ளி இருக்கும் என் கூடப் பிறந்த அக்காவின் வீட்டுக்கு என் மனைவி பதிவுத் தபால் அனுப்பினாள், ஒப்புகை அட்டையோடு. அந்தத் தபால் எங்கள் தெருவிலிருந்து பெரிய தபால் ஆபீசுக்குப் போய், அங்கே தூங்கி எழுந்து, மறுபடி எங்கள் தெரு வழியாகவே அக்கா வீட்டுக்குப் போனது. இன்ன இடத்தில் இன்ன ஆபத்து, இன்ன தேதிக்குள் தூண்களைத் திரும்ப அமைக்காவிட்டால் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டியிருக்கும், இப்படிக்கு என்று முழுப் பெயரும் பதிவு எண்ணும். 'அன்புள்ள அண்ணா' என்று ஆரம்பித்து அப்புறம் 'அன்புள்ள'வை அடித்துவிட்டதாக அவளே சொன்னாள்.

தபாலை வாங்கிக் கையெழுத்துப் போட்டவள் அக்காதான். அன்றிலிருந்து என் மனைவியோடு பேச்சை நிறுத்தினாள். எங்கள் குடும்பத்தில் சண்டை புதிதில்லை. வாசலில் நின்று கத்துவோம், மண்ணை வாரி இறைப்போம், பொங்கலுக்குச் சேர்ந்துகொள்வோம். அரசாங்கத் தபால் தலை ஒட்டின சண்டை இதற்குமுன் நடந்ததில்லை. எப்படிச் சேருவது என்று யாருக்கும் தெரியவில்லை.

ஆனால் பெண்ணுக்கு நான் தாய்மாமன். என் கையால் நெற்றியில் பட்டம் கட்டி மாலை போட்டால்தான் பெண் மணவறைக்குப் போக முடியும். அதனால் எவ்வளவு கோபம் இருந்தாலும் முதல் பத்திரிகையை எனக்குத் தாம்பூலத்தோடு வைத்தாக வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை அக்காவும் மச்சானும் தட்டோடு வந்தார்கள். முறைப்படி நானும் மனைவியும் சேர்ந்து நின்று வாங்கினோம். அக்கா கைக்கெட்டும் தூரத்தில் நின்ற என் மனைவியைப் பார்க்காமல், "உன்ற ஊட்டுக்காரிகிட்டயும் வரச் சொல்லு தம்பி" என்றாள்.

எனக்கு என்ன தைரியம் வந்ததோ தெரியவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு, "மச்சான், சீர்த்தட்டை அந்த மண்டவத்துக்குள்ள நான் கொண்டாற மாட்டேன்" என்றேன்.

மச்சான் என்னையே பார்த்தார். "மாப்ள, நீயுமா?"

"வெளியில கார் நிறுத்தற எடம் அவ்வளவு பெருசா கெடக்குது. பந்தல் போட்டு அங்க நடத்துங்க. பந்தியும் அங்கியே. பட்டம் கட்ட அங்க வாரேன்."

மச்சான் பெருமூச்சு விட்டார். தாய்மாமன் சொன்னால் தட்ட முடியாது, அது எந்தப் பொறியாளர் சொல்லையும்விட எங்கள் பக்கம் பெரியது. "செரி மாப்ள. உனக்காக" என்றார். அக்காவின் முகத்தில்கூட இறுக்கம் தளர்ந்தது. பெரிய காரியம் செய்துவிட்ட மிதப்பில் நான் மனைவியைப் பார்த்தேன். சட்டப் புத்தகம் சாதிக்காததைச் சீர்த்தட்டு சாதித்துவிட்டதே என்று அவள் முகம் மலரும் என எதிர்பார்த்தேன்.

அவள் மச்சானிடம், "ரொம்ப நன்றிங்க அண்ணா. ஆவணியில யாருக்கோ புக் ஆகியிருக்குன்னு சொன்னீங்களே, அவங்களுக்கு?" என்று கேட்டாள்.

"அவிங்க யாரோ அசலூர்க்காரங்க அம்மிணி. நமக்கென்ன?"

"அவங்க பொண்ணுக்கும் ஒரு தாய்மாமன் இருப்பார். அவருக்கு மேல மாஸ்ட் கெடக்கறது தெரியாது" என்றாள். "நான் எழுதுனது எழுதுனதுதாங்க அண்ணா."

அக்கா எழுந்து வெளியே போய்விட்டாள். மச்சான் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனார். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. நல்லபடியாக முடிந்ததைக் கெடுத்துவிட்டாயே என்று சொல்லியும்விட்டேன். எங்கள் வீட்டுப் பெண் மட்டும் பிழைத்தால் போதும் என்று அவள் அந்தத் தபாலை எழுதவில்லை என்பது எனக்கு உறைக்கவே கொஞ்ச நாள் ஆயிற்று.

வைகாசியில் கல்யாணம் பந்தலில் நடந்தது. வெயில் பொசுக்கியது. தண்ணீர் தெளிக்கும் பெரிய மின்விசிறிகள் முன்வரிசைக்காரர்களின் பட்டுச் சேலையை நனைத்தன. சம்பந்தி வீட்டார் காற்றோட்டமாக இருக்கிறது என்று பாராட்டினார்கள். நான் பட்டம் கட்டினேன். என் மனைவி கடைசிப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். அவள் நாற்காலிக்குப் பின்னால் யாரும் வந்து நிற்கவில்லை. அதைப் பார்த்தபோது எனக்கு மனசு வலித்தது.

கெடு முடிந்ததும் அவள் தாலுகா ஆபீசுக்குப் போனாள். நான்தான் கூட்டிப்போனேன். அங்கிருந்த அதிகாரி மனுவைப் படித்துவிட்டு, "இது உங்க சொந்தக்காரர் மண்டபமாச்சே. சொத்துத் தகராறுங்களா?" என்று கேட்டார்.

"இல்லைங்க சார்."

"கொடுக்கல் வாங்கல்?"

"இல்லைங்க."

"பின்ன ஏன்மா?" என்று அவர் மெய்யாகவே குழம்பினார். பிறகு என்னைப் பார்த்தார். நானும் அவரைப் போலத்தான் ஆரம்பத்தில் இருந்தேன் என்று அவரிடம் சொல்ல வேண்டும்போல இருந்தது.

ஆனாலும் மனுவை மேலே அனுப்பினார். அரசுப் பொறியாளர் ஒருவர் வந்தார். ஏணியில் ஏறினார், எட்டிப் பார்த்தார், உடனே இறங்கி ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, இதை வைத்தது யார் என்று கேட்டார். "நான்தானுங்க" என்று மச்சான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார், பரிசு தருவார் என்று நினைத்தாரோ என்னவோ. அன்றே மண்டபம் பூட்டப்பட்டது. வாட்ஸ்அப்பில் சான்று கொடுத்த பொறியாளரையும் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அவர் என் மனைவிக்கு ஃபோன் செய்து, ஒரு இன்ஜினியர் போட்ட கையெழுத்தை இன்னொரு இன்ஜினியர் குறை சொல்லலாமா, இதுதான் உங்கள் தொழில் தர்மமா என்று வருத்தப்பட்டார். இவள் அவரிடம், சார் ஒருமுறை நேரில் வந்து அந்தத் தூண்களைக் காட்டுங்கள் என்றாள். ஃபோன் துண்டிக்கப்பட்டது.

ஆவணிக் கல்யாணங்கள் எதிராளியின் மண்டபத்துக்குப் போயின. மச்சான் போர்டைக் கழற்றினார். தீபாவளிக்கு அக்கா வீட்டிலிருந்து பலகாரம் வரவில்லை. சொந்தத்தில் யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும், "இன்ஜினியரம்மா வாராங்க, யாரும் மேல பாக்காதீங்க" என்று கேலி. அவளும் சிரிப்பாள். வீட்டுக்கு வந்தபின் அந்த மண்டபத்துக் கணக்கை எடுத்து மறுபடி போட்டுப் பார்ப்பாள்.

மச்சான் வேறு வழியில்லாமல், சேலத்திலிருந்து வந்த வெளியாள் ஒருவரின் வரைபடப்படி தூண்களைத் திரும்ப எழுப்பினார். முன்னைவிடத் தடியாக. எல்லாம் இறுகிய பிறகு மாஸ்ட்டைக் கீழே இறக்கும் நாளில், வந்து பார்க்கச் சொல்லி எனக்கு ஃபோன் செய்தார். "அம்மிணியையும் கூட்டிக்கிட்டு வா மாப்ள. அம்மிணி கட்டாயம் பாக்கோணும்" என்றார். குரலில் ஒரு குஷி இருந்தது. ஏன் என்று போனபிறகுதான் தெரிந்தது.

சங்கிலி போட்டு இறக்கிய மாஸ்ட் கூடத்தின் நடுவில் கிடந்தது. மச்சான் அதன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நூல் பிடித்து வைத்திருந்தார். நூலுக்கும் இரும்புக்கும் நடுவில் ஒரு தாள்கூட நுழையாது.

"பாரு அம்மிணி. வளைஞ்சுதா? ஒரு மயிரளவு வளைஞ்சுதா? ராஜஸ்தான்ல நின்னது அம்மிணி இது."

வேலையாட்கள் சிரித்தார்கள். இவள் குனிந்து நூலோடு கண்ணை வைத்துப் பார்த்தாள். பற்றவைத்த இடங்களையெல்லாம் விரலால் தடவினாள். பிறகு நிமிர்ந்து, "ஆமாங்க அண்ணா. வளையல" என்றாள்.

அக்கா சற்றுத் தள்ளி நின்றிருந்தாள். மாசக்கணக்கில் பேசாதவள், அன்றைக்கு நேராக என் மனைவியிடம் கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற குரலில் கேட்டாள்.

"அப்ப அன்னைக்கு உள்ளார கண்ணாலத்த வெச்சிருந்தா, விழுந்திருக்குமா விழுந்திருக்காதா? நெசத்தச் சொல்லு அம்மிணி."

"தெரியாதுங்க அண்ணி."

"தெரியாதா?"

"தெரியாது. தெரியாததுனாலதான் போடல."

மச்சான் தொடையைத் தட்டிச் சிரித்தார். "கேட்டுக்கிட்டீங்களா? இத்தன படிச்ச புள்ளைக்கே தெரியலையாம். இதுக்குத்தான் இத்தனை கூத்து."

அக்கா சிரிக்கவில்லை. மேலே புதிதாகப் பூசிய கூரையைப் பார்த்தாள், தரையில் கிடந்த இரும்பைப் பார்த்தாள், பிறகு மச்சானைப் பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரியுமாங்க?" என்று கேட்டாள்.

மச்சான் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ராஜஸ்தான் என்றுதான் ஆரம்பித்திருப்பார். அக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் குனிந்து நூலைச் சுருட்ட ஆரம்பித்தார். சுருட்டி முடிக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டார்.

அக்கா வந்து என் மனைவியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். எங்களை வண்டிவரை கொண்டுவந்து விட்டுவிட்டு, நாங்கள் கிளம்புகிறவரை அங்கேயே நின்றாள்.

திரும்பி வரும் வழியில் இவள் வெளியே பார்த்தபடி இருந்தாள். நான்தான் பேச்சுக் கொடுத்தேன். அக்கா பேசிவிட்டாளே, இன்னும் என்ன என்று கேட்டேன்.

"அது வளைஞ்சிருக்கக் கூடாதான்னு தோணுச்சுங்க" என்றாள். "எல்லாரும் சிரிச்சாங்கல்ல, அப்போ. கொஞ்சம் வளைஞ்சிருந்தா நல்லாருக்குமேன்னு. பங்குனியில அங்க ஜனங்க உக்காந்து சாப்பிட்டிருக்காங்க. வளையலைன்னு பாத்ததும் சந்தோஷம்தானே வரணும். எனக்குக் கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் வந்துச்சு."

எனக்கு அந்தச் சந்தோஷம் இன்னும் வரவில்லை.